ஒதுக்கி வைத்த வீடு

பிரிக்ஃபீல்ட்ஸ்,
4.3.2024

அன்புத் தங்கை புனிதாவுக்கு,

உன் அக்கா சந்திரகலா எழுதுவது. முட்டி வலியைச் சேர்க்காவிட்டால் நான் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடக் கை போயிருக்கும். கிழிக்காதே, முதலில் படி. முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்தவள் நான். ஒரு சத்தியத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியும். உன் மகள் யோகேஸ்வரியின் பரிசத்தன்று, சம்பந்தி வீட்டார் காரேறிப் போன பிறகு, எரிகிற சூடத்தின் மேல் அடித்து நீ சொன்னது இது: "இனிமே நான் உன்கூட வாயத் தொறந்து பேசினாலோ, நீ என் வாசப்படிய மிதிச்சாலோ, என் புருஷன் உசுரு நிக்காது." வாய் என்றாய், வாசப்படி என்றாய். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தபால்காரர் கேட்டில் போட்டுவிட்டுப் போகும் கடிதத்துக்கு வாயும் இல்லை, காலும் இல்லை. அதனால் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று நினைக்காதே. என் வீட்டில் இருப்பது சுவரில் தொங்கும் பழைய போன்தான், அது போதும் எனக்கு.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நாகையா அண்ணனைக் கோயிலில் பார்த்தேன். கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தாராம். "வேலாயுதம் என்னப் பாத்து, நீங்க யாரு அண்ணேன்னு கேக்குறாரு லா. ஒரே லோரியில எத்தன வருஷம் போனோம், என்னையே கேக்குறாரு" என்றார். மாப்பிள்ளை விளையாட்டுக்குக் கேட்டிருப்பார் என்று நான் சொன்னேன். விளையாட்டுத்தானே?

பதில் போடு.

உன் அக்கா,
சந்திரகலா


கிள்ளான்,
9.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புனிதா எழுதுவது. நாங்கள் இருவரும் நல்ல சுகம். உன் முட்டிக்கு வேப்பெண்ணெய் தேய்க்கிறாயா?

கடிதம் வந்த அன்றைக்கே படித்துவிட்டேன். வேலை, அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள். நாகையா அண்ணன் கண்ணாடியை மாற்ற வேண்டும். அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். பேப்பர் படிக்கிறார், வாசலில் உட்கார்ந்து போகிற லோரியை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். யோகேஸ்வரி ஜோகூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தால் உண்டு.

வீடு ஒழுங்காக இருக்கிறது. நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சம்பந்தி வீட்டார் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் நடுக்கூடத்தில் நின்று நீ சொன்னாயே ஒரு வார்த்தை, அதை இந்தக் கடிதத்தில் நான் எழுத மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது என் சடையைப் பார்த்து அதையே சொல்வாய். என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வாய். சோறு வடித்த பானையைப் பார்த்துச் சொல்வாய். என் கல்யாண மேடைக்கே வந்து, கட்டியிருந்த கூரைச் சேலையின் கொசுவத்தைப் பிடித்து இழுத்துச் சொன்னாய். நான் தொட்டதற்கெல்லாம் நீ வைத்த பெயர் அது ஒன்றுதான். அன்றைக்கு மட்டுமாவது அதை வாய்க்குள் வைத்திருக்கலாம் அக்கா. அன்றைக்கு எனக்கு என்ன பாடு என்று உனக்குத் தெரியாது.

சரி, போகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

புனிதா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
15.4.2024

அன்புள்ள புனிக்கு,

அக்கா எழுதுவது. வேப்பெண்ணெய் தேய்த்தேன், வலி அப்படியே இருக்கிறது, வீடுதான் நாறுகிறது. நீங்கள் சுகம் என்று எழுதியதில் சந்தோஷம்.

அலங்கோலம். இதோ, நான் எழுதுகிறேன். எனக்கு அதில் பயம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஆபீசில் தடியாக ஒரு தமிழ் அகராதி இருந்தது. அலங்கோலம் என்றால் சீர்கேடு, ஒழுங்கின்மை என்று போட்டிருந்தது. எழுதியவர் ஆம்பிளை, வேறு எப்படிப் போடுவார்? அம்மா போய்க் காரியம் முடிந்த மறுவாரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பவுனம்மாள் அத்தை வந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ தூளியில் கிடந்தாய். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் மூலையைப் பார்த்தாள். "பொம்பள இல்லாத வீடு, அலங்கோலமாக் கெடக்கு" என்றாள். நான் விளக்குமாறும் கையுமாக அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன், பாவாடை சட்டையில். அப்பா சட்டையைக் கழற்றி எறிந்த இடத்தில் அது அப்படியே கிடந்தது. அப்பாவை ஒரு வார்த்தை சொன்னாளா? ஆம்பிளை கலைத்துப் போட்டால் அதற்கு ஊரில் பெயரே கிடையாது. வீட்டைப் பார்த்துச் சொல்வது மாதிரிதான் இருக்கும் அந்த வார்த்தை. விழுவது மட்டும் அந்த வீட்டுப் பெண் தலையில்.

உன் மேல் அது ஊரார் வாயிலிருந்து விழக்கூடாது என்றுதான் நான் முந்திக்கொள்வேன். வீட்டு ஆளே சொல்லிவிட்டால் வந்தவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. பரிசத்தன்றும் அதுதான் நடந்தது. சோபா மேல் பழைய துணி, சாமி மேடைக்கு முன்னால் ஸ்குரூடிரைவர், தரையெல்லாம் பில்லும் காகிதமும். சம்பந்தியம்மாள் மூக்கைச் சுளித்து வாயைத் திறந்தாள், நான் பார்த்தேன். அவள் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

ஆனால் புனி, பயந்து பயந்து வீட்டைத் துடைக்கிறவள் நீ. அன்றைக்கு ஏன் அப்படிக் கிடந்தது வீடு?

அக்கா


கிள்ளான்,
2.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

கடிதத்தில் மஞ்சள் கறை பட்டிருந்தால் மன்னித்துவிடு. சமையலுக்கு நடுவில் எழுதுகிறேன். அவர் இன்றைக்கு அலமாரியைச் சுத்தம் செய்கிறார், அதனால் வீட்டில் கொஞ்சம் சத்தம். எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவரே செய்கிறார்.

உனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் யாராவது இந்தப் பக்கம் இருக்கிறாரா? கேட்டுக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும். இங்கே பூனைத் தொல்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சீக் ரொக்கியாவைத் தெரியுமல்லவா உனக்கு? முந்தாநாள் குவே பலகாரம் கொண்டுவந்தவள் நேராக உள்ளேயே வந்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, "தாக் அப்பா லா காக், பெர்செப்பா சிகிட் ஜெ" என்றாள். கொஞ்சம் கலைந்து கிடக்கிறது, பரவாயில்லை என்கிறாள். சொல்லிக்கொண்டே காலால் ஒரு பெட்டியை நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து குவேயை எடுத்து நீட்டினாள். நம் வார்த்தை மாதிரிதான் அதுவும். ஆனால் அவள் சொன்னபோது எனக்குக் குத்தவில்லை.

புனிதா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
8.6.2024

அன்புள்ள புனிக்கு,

நான் நலம். நீ நலமில்லை. இனி சுகம் சுகம் என்று எழுதி மையை வீணாக்காதே.

வெளியிலிருந்து தாழ்ப்பாளைத் திறக்கிற பூனையும் நான் பார்த்ததில்லை, உள்ளேயிருந்து திறக்கிற பூனையும் பார்த்ததில்லை. முப்பது வருஷக் கல்யாணத்தில் ஒரு தம்ளரைக் கழுவி வைக்காத மனுஷன் அலமாரியைச் சுத்தம் செய்கிறாராம். யாரிடம் கதை விடுகிறாய்?

மாப்பிள்ளைக்கு என்ன? ஒளிக்காமல் எழுது. எழுதாவிட்டால் நான் கொம்யூட்டர் ரயிலைப் பிடித்து வந்து உன் கேட்டுக்கு வெளியே நிற்பேன். ரோட்டில் நிற்பது உன் சத்தியத்தில் இல்லை.

அக்கா


கிள்ளான்,
20.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு அவர் தூங்குகிறார்.

அவருக்கு மறதி நோய். டாக்டர் சொல்லி ரொம்ப நாளாகிறது. வயதானால் வருகிற மறதி இல்லை, இது வேறு என்றார். பரிசத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அன்றைக்கு விடிவதற்குள் நான் வீட்டை முழுதாக ஒதுக்கி வைத்திருந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லா டிராயரையும் இழுத்துக் கொட்டிவிட்டார். "லோரி வந்துருச்சு புனி, லைசென்ஸ் எங்க வச்ச?" என்று ஒரே கேள்வி. லோரியை விட்டு எத்தனையோ வருஷமாகிறது. வாசலில் சம்பந்தி கார் வந்து நிற்கிறது. பெண்ணின் அப்பாவுக்குப் புத்தி இப்படி என்று தெரிந்தால் கட்டுவார்களா? சோம்பேறிப் பொம்பளை வீடு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். யார் என்ன சொன்னாலும் தாங்கியிருப்பேன் அக்கா. நீ சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

லைசென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது, ரவிக்கைக்குள். கையில் கிடைத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஒரு தடவை காப்பார் ரோட்டு நடுவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தேன். அதனால் ஒளித்து வைத்திருக்கிறேன். ஒளித்து வைத்திருப்பதால் தேடுகிறார், தேடுவதால் வீடு இப்படிக் கிடக்கிறது. நான் எடுத்து வைக்க வைக்க அவர் கொட்டுகிறார்.

நீ கேட்டுக்குக்கூட வராதே. உன்னைப் பார்த்தால் வாய் தானாகத் திறந்துவிடும். அன்றைக்குக் கோபத்தில் அவர் உயிரை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டேன். அடுத்த வருஷமே அவர் என் பெயரை மறந்தார். நான் ஒரு வார்த்தை பேசி, அதற்கப்புறம் அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எப்படி இருப்பேன்? உனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கு இருப்பது அவர் ஒருத்தர்தான்.

புனிதா


பிரிக்ஃபீல்ட்ஸ்,
12.8.2024

என் கண்ணு புனிக்கு,

நான் நலம், அதைப் பற்றி இனி கேட்காதே. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பாவி, இதை அன்றைக்கே அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய் என் காதில் சொல்லியிருக்கக்கூடாதா?

பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் சூடம் என்றால் பயம்தான். நேராக மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சூடத்துல அடிச்ச சத்தியத்த சூடத்துலதான் எறக்கணும்மா. அடிச்ச கையே வந்து அடிக்கணும். யாரு மேல சொன்னாங்களோ அவரும் பக்கத்துல நிக்கணும்." அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி, மூன்று பேரும் திருநீறு பூசிக்கொண்டால் முடிந்தது. நாள் குறித்துவிட்டேன். ஆவணிக் கடைசி வெள்ளிக்கிழமை காலை. நாகையா அண்ணன் காரில் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறார்.

பூசை முடிந்ததும் அதே காரில் நானும் உன் வீட்டுக்கு வருகிறேன். இனி நீ ஒருத்தியாக மாரடிக்க வேண்டாம். பெட்டியில் துணி எடுத்து வைத்தாகிவிட்டது. வீட்டை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வை. இல்லாவிட்டால் என் வாய் சும்மா இருக்காது, தெரியுமல்லவா!

அக்கா


கிள்ளான்,
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், இந்தத் தடவை உண்மையாகவே. வெள்ளிக்கிழமை வருகிறோம். அவரிடம் "அக்காவப் பாக்கப் போறோம்" என்றேன். "பிரிக்ஃபீல்ட்ஸ் அக்காவா? ரயிலுல போலாம்" என்றார். பெயர் சொல்லவில்லை, ஆனால் ஊரைச் சொன்னார் பார்.

உனக்கு என்ன சமைக்க? வீட்டை ஒதுக்க ஆரம்பித்துவிட்டேன். நீ வரும்போது பளிச்சென்று இருக்கும். வாயைத் திறக்க உனக்கு ஒரு மூலையும் கிடைக்காது.

உன் தங்கை,
புனி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
16.9.2024

புனிதாவுக்கு,

நலமா என்று கேட்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்திவிட்டார்கள். நாகையா அண்ணனுக்குப் போன் போட்டால், வீட்டில் ஆள் இல்லை, கேட் பூட்டியிருக்கிறது, திரும்பி வந்துவிட்டேன் என்கிறார். மனசு மாறிவிட்டாயா? மாறினால் ஒரு வரி எழுதிப் போடுவதற்கென்ன?

நானே எரிச்சலில் இருக்கிறேன். அதற்கு முந்தின புதன்கிழமை சாயந்திரத்திலிருந்தே ஏமாற்றுக்காரன் ஒருத்தன் தொல்லை வேறு. பேங்க் என்பான், கோர்ட் என்பான், அந்தக் கும்பல்தான். திரும்பத் திரும்பப் போன் அடிக்கிறது, எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும். கடைசியில் என்னமோ 'அ' என்று முனகல் மாதிரி வந்தது. "டேய், நாசமாப் போறவனே, கெழவி ஒண்டியா இருக்கான்னு பாத்தியா? போலீசுல சொல்லிப்புடுவேன், வைடா போன!" என்று கத்தி, வயரையே பிடுங்கிப் போட்டுவிட்டேன். மறுநாள்தான் திரும்பச் சொருகினேன்.

பதில் எழுது. கோபத்தில் எழுதினாலும் சரி.

அக்கா


கிள்ளான்,
3.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி போய்விட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா? இங்கே விளக்கு மட்டும் ஏற்றினேன். யோகேஸ்வரி வந்து, அழுதுவிட்டுப் போனாள்.

அந்தப் புதன்கிழமை போன் பண்ணியது நான்தான்.

நீ வரப்போகிறாய் என்று வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். நான் எடுத்து வைக்கிறேன், அவர் பின்னாலேயே கொட்டுகிறார். வெள்ளிக்குள் முடியாது என்று தோன்றிவிட்டது. நீ வந்து அதைச் சொல்லிவிடுவாயோ என்று ஒரே பயம். அதனால் லைசென்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான், வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்துவிட்டார். எனக்கு அத்தனை சந்தோஷம். கூடத்தை முடித்தேன், அறையை முடித்தேன், சாமி மேடையைத் துடைத்தேன். பின்கட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி காலி. கேட் திறந்து கிடக்கிறது. வீடு மட்டும் அத்தனை ஒழுங்காக இருந்தது அக்கா.

மக்சீக்கும் அவள் மகனும் மோட்டார் சைக்கிளில் தேடப் போனார்கள். ரயிலில் போகலாம் என்று அவர் சொன்னது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. உன்னிடம்தான் கிளம்பிவிட்டார், நீ ஸ்டேஷனில் போய் நின்றால் பிடித்துவிடலாம் என்று உனக்கு அடித்தேன். நீ "ஹலோ" என்றாய். வாய் திறக்கவில்லை. பேசினால் அவர் உயிர் போய்விடும், பேசாவிட்டாலும் போய்விடும். வைத்துவிட்டு மறுபடி அடித்தேன். கடைசித் தடவை, ஆனது ஆகட்டும் என்று அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். அதற்குள் நீ கத்தினாய். அப்புறம் லைன் போகவில்லை.

மறுநாள் காலையில் கிடைத்தார். போர்ட் கிள்ளான் லோரி யார்டு வாசலில், ராத்திரி முழுக்க மழையில் நனைந்து, கையில் லைசென்ஸோடு, லோரிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் நெடுநாள் இருந்தோம். அதனால்தான் வீடு பூட்டியிருந்தது. இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எழுந்து நடக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். நீ வக்கீல் ஆபீசில் இருந்தவள். 'அ' என்று ஒரு முனகல் வந்தது என்று எழுதியிருந்தாய். அது பேச்சில் சேருமா? நான் சத்தியத்தை முறித்துவிட்டேனா? அதிலிருந்துதான் அவர் இப்படிப் படுத்துவிட்டார் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. சேராது என்றால் சேராது என்று எழுது. எனக்காகப் பொய் மட்டும் எழுதாதே.

புனி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
8.11.2024

என் கண்ணு புனிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

சேராது. பேச்சு என்றால் சொல் இருக்க வேண்டும். சொன்னவர் சொல்லி முடித்திருக்க வேண்டும். கேட்டவருக்கு விளங்கியிருக்க வேண்டும். இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. எனக்கு விளங்கியிருந்தால் நான் அப்படிக் கத்தியிருப்பேனா? வயரைப் பிடுங்கியிருப்பேனா? என் தங்கை என்று தெரிந்திருந்தால் முட்டி உடைந்தாலும் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்க மாட்டேனா? ஆகவே நீ பேசவில்லை, நான் கேட்கவில்லை, சத்தியம் முறியவில்லை. இதைப் பொய்யாக எழுதவில்லை. கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் நிற்கும்.

மாப்பிள்ளை படுத்தது மழையில் நனைந்ததால். அவர் மழையில் போனது நீ வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்ததால். நீ ஒதுக்கியது யாருக்குப் பயந்து என்று எனக்குத் தெரியும். அதை என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை.

இனி அந்த வீட்டில் ஒரு சாமானை நீ எடுத்து வைக்காதே. அவர் கொட்டினால் கொட்டட்டும். தாண்டிப் போ.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கேட்டுக்கு வெளியேதான் நிற்பேன். நீ வாயைத் திறக்காதே, நானும் திறக்க மாட்டேன். கஞ்சியும் பருப்புத் துவையலும் கொண்டுவருகிறேன், கேட் மேலாக வாங்கிக்கொள். சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன்.

அக்கா


கிள்ளான்,
19.12.2024

அக்கா,

இதை நாகையா அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு அவர் காரிலேயே கிளம்பி வா. போனை எடுத்தேன், நம்பரையும் அழுத்தினேன். நீ "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். நான் பேசினால் நான் சொல்லாமலேயே உனக்குத் தெரிந்துவிடும். அப்படி நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்று தோன்றியது.

இனி நாம் பேசலாம் அக்கா. நீ வாசப்படியையும் மிதிக்கலாம்.

காலையில் பால் காய்ச்சிக்கொண்டு போய் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை.

நீ குடை பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்ற ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் கம்பி வழியாக உன்னை ரொம்ப நேரம் பார்த்தார். "யாரு அந்தம்மா? வெயில்ல நிக்கிறாங்க, உள்ள வரச் சொல்லு" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்கப்புறம் கஞ்சி கொஞ்சம் இறங்கியது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மறுபடி டிராயர், மறுபடி அலமாரி. நீ எழுதிய மாதிரியே நான் தடுக்கவில்லை, எடுத்தும் வைக்கவில்லை. போன வாரம் மனசு கேட்காமல் லைசென்ஸையே கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரோடது?" என்று என்னிடமே நீட்டிவிட்டு, மறுபடி தேட ஆரம்பித்தார். இப்போது அதை அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

அவர் கடைசியாகத் தொட்டதெல்லாம் தொட்ட இடத்திலேயே கிடக்கிறது. பேப்பர், டப்பா, யோகேஸ்வரியின் பள்ளிக்கூட நோட்டு, என் கூரைச் சேலை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். "ஆளுங்க வர்றதுக்குள்ள ஒதுக்கிடலாம் கா, பாக்குறவங்க என்ன சொல்வாங்க" என்று விளக்குமாற்றை எடுக்கிறார்கள். தொடக்கூடாது என்று சொல்லி நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். மக்சீக் மட்டும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் எல்லாரும் மூலையைப் பார்க்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள். அதற்குள் நீ வந்துவிடு. கேட்டில் நின்றுவிடாதே, செருப்போடு வேண்டுமானாலும் உள்ளே வா. வந்து, எல்லார் முன்னாலும், சத்தமாக, "என்னய்யா வேலாயுதம், வீட்ட இப்படி அலங்கோலமாப் போட்டு வச்சிருக்கே" என்று ஒரு தடவை அவரைக் கேள்.

புனி